கார்விக் துரையின் மண்வெட்டிக் கொட்டகை

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் கிட்டே வாருங்கள். நடந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. எழுபத்தாறு, ஜூன் மாதம். கங்காரு தேசத்தில் ஜூன்தான் குளிர்காலம், சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. கிரான்பர்ன் என்கிற ஊரைத் தாண்டினால் வேலியும் மாடும்தான். அந்த ரோட்டில் ஒரே ஒரு கார்... உள்ளே என் சிநேகிதன் சேஷாத்ரியின் அத்திம்பேர், பார்த்தசாரதி. மனுஷருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எரியாதா? விதை ஊன்றும் இயந்திரத்துக்கு இரண்டு வருஷம் கண்விழித்து வரைபடம் போட்டவர் அவர். பேட்டன்ட் வந்ததோ முதலாளி கார்விக் பேரில். நோகாமல் நுங்கு தின்கிற ஆள். "என் மியூசியத்துக்கு வா சாம், பேசலாம்" என்று கூப்பிட்டிருந்தார். பார்த்தசாரதி என்ற பேர் துரை வாயில் நுழையாதாம்!

மியூசியம் என்றால் பண்ணைக் கொட்டகை. தகரக் கூரை காற்றில் டப்... டப் என்று அடித்தது. உள்ளே பழைய அமெரிக்கப் பண்ணைக் கருவிகள். கையால் அடித்த அரிவாள், மண்வெட்டி, மரக் கலப்பை. பிடிகளில் விரல் பதிந்த பள்ளங்கள்.

"எல்லாம் வர்ஜீனியாவில் என் கொள்ளுத்தாத்தா செய்தது. அடிமைகள் இருந்தார்கள்தான். ஆனால் வேலை தெரிந்தவர் அவர்," என்றார் கார்விக்.

"அந்த இயந்திரம் என்னுது சார். என் பேரைப் போடுங்க."

"சம்பளம் வாங்கினாயே, சாம்?" சிரித்தார் கார்விக்.

ஆத்திரத்தோடு திரும்பிய பார்த்தசாரதியின் காலில் ஒரு மண்வெட்டி இடறியது. நம் பழக்கம் விடுமா? குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை பிசுபிசுத்தது. வியர்வை நாற்றம்... புகையிலை... பச்சை ரத்தம்.

கண்ணைத் திறந்தார். கார்விக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மனிதன். தோளெல்லாம் சாட்டைத் தழும்பு. கையில் அதே மண்வெட்டி. பிடியின் பள்ளங்களில் அவன் விரல்கள் அச்சாகப் பொருந்தியிருந்தன. கார்விக்கை அவன் பார்க்கவில்லை. பார்த்தசாரதியைப் பார்த்தான். நான் கவனித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிற பார்வை.

பார்த்தசாரதி தலையை ஆட்டினார். ஆமாம், ஆட்டினார். அவ்வளவு கோபம்.

காரைக் கிளப்பும்போது கொட்டகைக்குள் சத்தம் கேட்டது. ணங்... ணங்... ணங்...

மறுநாள் காலையில் கார்விக்கைக் கண்டுபிடித்தார்கள். சிமெண்டுத் தரை முழுக்கக் கொத்திப் போட்ட வயலாகக் கிடந்தது. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து தொங்க, மனிதர் இன்னும் கொத்திக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார் பார்த்தசாரதி. கட்டுப் போட்ட கைகள் வெறும் போர்வையைக் கொத்திக்கொண்டிருந்தன. கட்டில் தலைமாட்டில் அவன் நின்றான்.

"நிறுத்தச் சொல்லு," என்று அழுதார் கார்விக். "நீ சொன்னால்தான் விடுவானாம்."

"என் பேரைப் போடறேளா?"

கார்விக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதும் கல்நெஞ்சு! பார்த்தசாரதி கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். இதையெல்லாம் பிறகு சேஷாத்ரியிடம் அவரே சொன்னார்.

போன மாதம் பார்த்தசாரதி மாரடைப்பில் போய்விட்டார். சேஷாத்ரி நேற்று அந்த ஆஸ்பத்திரிக்கு போன் செய்து விசாரித்தான். கார்விக் உயிரோடுதான் இருக்கிறாராம். கை ஓயவில்லையாம்... நிறுத்தச் சொல்ல இனி ஆளில்லை.