சந்தில் நாலு அங்குலம்

தங்கை: உள்ள வா. வாசல்லயே நிக்க நீ என்ன மீட்டர் பார்க்கவா வந்திருக்கே?

அக்கா: இருக்கட்டும். ரெண்டு நிமிஷப் பேச்சுதான்.

தங்கை: பக்கத்து வீட்டுல இருந்து வர மூணு வருஷம். பேச்சு மட்டும் ரெண்டு நிமிஷமா...

அக்கா: எங்க வீட்டுல வேலை நடக்குது. பார்த்திருப்பே.

தங்கை: பார்க்காம? மூணு பக்கமும் சுவருக்கு வெளிய வெள்ளை தெர்மாகோல் அட்டையா ஒட்டியாச்சு. வீட்டுக்கு ஸ்வெட்டர் போடறியா?

அக்கா: அப்படித்தான் வச்சுக்கயேன். பழைய சுவரு, குளிர் நேரா உள்ள வருது. போன வருஷம் உங்க மாமா குல்லாவோடதான் தூங்கினார்.

தங்கை: அந்த வழுக்கையில குல்லா நிக்குமா?

அக்கா: சிரிக்காதே, நான் வந்த விஷயத்தை... அட்டை நாலு அங்குலம் தடிமன். உன் பக்கம் பார்த்த எங்க சுவருலயும் ஒட்டினா நடுவுல இருக்கிற சந்து குறையும். சந்து ரெண்டு வீட்டுக்கும் பொது. அதான், உன் சம்மதம்...

தங்கை: ஓ. அங்க நான் வளர்த்த பூங்கொடியை நீ வெட்டினப்ப சந்து பொதுன்னு தெரியலையாக்கும்.

அக்கா: சுவரெல்லாம் ஈரம் பிடிச்சுது...

தங்கை: பூ விட ஆரம்பிச்ச வாரம் அது.

அக்கா: வெட்டிப் போட்டப்புறம்தான் மொட்டைப் பார்த்தேன். அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். வாய் வரலை.

தங்கை: இப்ப வருதா?

அக்கா: தப்புதான். போதுமா?

தங்கை: அந்த 'போதுமா'வை எடுத்துட்டுச் சொல்லு.

அக்கா: ...தப்புதான்.

தங்கை: ம். நானும் தெருவே கேக்கற மாதிரி கத்தியிருக்கக் கூடாது. கல்நெஞ்சக்காரின்னு...

அக்கா: 'கத்தரிக்கோல் மகாராணி'ன்னும் சொன்னே.

தங்கை: அது நல்லாத்தானே இருந்துச்சு?

அக்கா: உங்க மாமா இன்னும் அப்படித்தான் கூப்பிடறார்.

தங்கை: அய்யோ... சரி, உக்காரு முதல்ல. அழாதே.

அக்கா: யாரு அழறா? சிரிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும், உனக்குத் தெரியாதா?

தங்கை: சாரம் கட்ட என் பக்கம் இடம் வேணுமா?

அக்கா: ரெண்டு கால் ஊனணும். ஒரு வாரம்தான்.

தங்கை: ஊனட்டும். அப்புறம் சந்துல ஆள் போக முடியுமா?

அக்கா: தாராளமா. அளந்து பார்த்துட்டேன்.

தங்கை: எப்போ?

அக்கா: நீ ஆபீஸ் போன நேரமா பார்த்து...

தங்கை: திருட்டுத்தனம்.

அக்கா: இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த ஒரு சுவருக்கு மட்டும் உள்பக்கமா ஒட்டிடலாம், உன்னைக் கேக்கவே வேண்டாம். 'எதுக்கும் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்'னு மேஸ்திரி பேச்சுவாக்குல சொன்னார். நான் அதையே கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். இங்க வர எனக்கு ஒரு சாக்கு வேணுமே...

தங்கை: போன வாரம் சந்துல அவரை நிறுத்தி, அந்த ஒரு வார்த்தையை உன்கிட்ட சொல்லச் சொன்னதே நான்தான்க்கா.