ஒன்பது பேரின் பதில்

புதுச் செயலி என்றாலே எனக்கு ஆகாது, சித்தி. ஒரு இடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி மூச்சு விடுவதற்குள், "இங்க போர் அடிக்குது, வேற ஆப்புக்குப் போலாம்" என்று இந்தப் பிள்ளைகள் கிளம்பிவிடும். மூன்று வருடத்தில் நான்கு முறை மாறினோம்.

படக்கதை வரைகிறவர்களுக்கான அந்த அரட்டைக் குழுவைத் தொடங்கியவள் நான். உங்கள் மகளோடு சேர்த்துப் பத்துப் பேர் வந்தார்கள். இடம் மாறும்போது பழையதைப் பூட்டுவது என் வேலை. கணக்கை அழித்துவிடச் சொல்லி, எல்லாரும் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். புது இடத்துக்கு அழைப்பு அனுப்புவதும் நான்தான். கடைசித் தடவை ஒன்பது பேருக்கு அனுப்பினேன். உங்கள் மகளுக்கு அனுப்பவில்லை.

மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் எழுதினால் ஒரு கட்டைவிரல் பொம்மை விழும். அவள் எழுதினால் குழுவே விழுந்து விழுந்து சிரிக்கும். வயிறு எரிந்தது. இரண்டு நாள் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அங்கே அவர்கள் கேட்டபோது, அவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லையாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் மறுநாளே, "என்ன, ஒருத்தரையும் காணோம்?" என்று பழைய குழுவில் கேட்டாள். மனசு கேட்கவில்லை. குழுவில் 'பல்லி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தவனின் கணக்கில் நுழைந்து, பரீட்சைக்குப் படிப்பதாக எழுதினேன். பிறகு மற்றவர்களும் வர வேண்டியதாயிற்று. பல்லி முற்றுப்புள்ளியே வைக்க மாட்டான். 'குட்டை' வரிக்கு மூன்று சிரிப்புப் பொம்மை போடுவாள். 'தந்தி' ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வான். எட்டு மாதம் சித்தி, பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், குளியலறையில் என்று என் விரல் ஓயவில்லை. உங்கள் மகள் என்னை நிம்மதியாக உட்காரவே விடவில்லை.

போன மாதம் அவளுக்கு அந்த வெளியூர் ஸ்டூடியோ வேலை வந்ததே, போகட்டுமா என்று குழுவைத்தான் கேட்டாள். போனால் புது ஆட்கள், புதுக் குழு. அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்ப்பாளா? எட்டுப் பேர் வேண்டாம் என்றோம். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினால் சந்தேகம் வரும், அதனால் பல்லியை மட்டும் போகச் சொல்லவைத்தேன். தன்னைத் துரத்தப் பார்க்கிறான் என்று, இப்போது தெருவில் அந்தப் பல்லிப் பையன் நிஜமாகவே எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு அழுதாள். பல்லி உட்பட எல்லாரும் ஆறுதல் சொன்னோம்.

நேற்று என் இரண்டாவது ஃபோனை உங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனது என் தப்பு. ஒன்பது பேரும் அதற்குள் இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள். அவளிடம் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். சொன்ன நிமிஷமே அவளுக்கு ஒன்பது சிநேகிதர்கள் இல்லாமல் போவார்கள். அந்தப் பாவம் என்னைச் சேராது.

உங்கள் கையில் அது அதிர்கிறது, பாருங்கள். "அம்மா முகமே சரியில்ல. பயமா இருக்கு. யாராவது இருக்கீங்களா?"

கொடுங்கள், சித்தி. பிள்ளை காத்திருக்கிறாள். நாங்கள் ஒன்பது பேரும் பதில் சொல்ல வேண்டும்.