காப்பி பாக்கெட்டுக்குப் பீப் வரலை

"அலோ... அலோ... இன்பு, நாந்தான், கண்ணாயி. ஒண்டிக்கடை பூத்துல நிக்கறேன்... ஆமா, ஆமா, பாக்கெட் வந்து சேந்துச்சுன்னு நேத்தே சொல்லிட்ட, அதையே சொல்லாத. மிஷின்ல காட்டுனியா? பீப்னு கத்துச்சா?... என்னது?... கத்தலையா?... ஒண்ணு கூடவா?... ஏய், வெளையாடாத புள்ள, இங்க எனக்கு உசுரு தொண்டைக்குழியில நிக்குது!"

மனுவேல் அண்ணனின் டெலிபோன் பூத் முழங்கையை மடக்க இடமில்லாத கூண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூடுபனிக்குள், மூக்கை ஒட்ட வைக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார் சங்கத் தலைவர் வெங்கடாசலம். ஏற்காட்டு மலைக் காப்பி விவசாயிகள் ஒன்று சேர்ந்து, தாங்களே தூள் அரைத்து, தாங்களே பாக்கெட் போடுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பாக்கெட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தவள் கண்ணாயி. அவள் ஊரான வெள்ளக்கடையில் முதல் டிகிரி அவளுடையது. அதனால் ஊரில் எது கெட்டாலும் 'படிச்ச புள்ளையக் கேளு' என்று அவள் தலையில் வந்து விடியும்.

சென்னையில் ஒரு பெரிய கடை தன் ராக்கில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, பாக்கெட்டின் முதுகில் இருக்கிற பார்கோடை அவர்களுடைய பில் மிஷின் படிக்க வேண்டும். தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் மலையில் பார்கோடு என்று சொன்னால் பாதிப் பேர் புதுப் பூச்சிமருந்து என்றுதான் நினைத்தார்கள். நல்லவேளை, அந்தக் கடையில் பில் போடுகிறவள் இன்பமேரி. காலேஜ் ஹாஸ்டலில் கண்ணாயியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

"மேனேஜர் எங்க?... சாப்பாட்டுக்குப் போயிருக்காரா? வந்து என்ன பண்ணுவாராம்?... ஊட்டிக் கம்பெனிக்குக் குடுத்துருவாரா? நம்ம எடத்தையா?... அவன் வந்து உக்காந்தே இருக்கானா? கோட்டு சூட்டோடவா?... உக்காரட்டும். ஏற்காட்ட ஏழைங்க ஊட்டின்னு சொல்லிச் சொல்லியே நம்மளக் கீழ உக்கார வெச்சவனுங்க... சிரிக்காதடி! மேனேஜர் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள கண்டுபிடிக்கோணும். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு.

"பாக்கெட்ட நல்லா இழுத்துப் புடிச்சுக் காட்டுனியா? சுருக்கம் இருந்தா படிக்காது... சோப்பு டப்பா மேல சுத்தியும் காட்டிட்டியா? கெட்டிக்காரி. மிஷின் கண்ணாடியத் தொடச்சியா?... மத்த சாமானுக்குக் கத்துதா? எங்க, ஒரு பிஸ்கட்ட எடுத்துக் காட்டு, நானும் கேக்கறேன்... ஆ, கேட்டுருச்சு! பிஸ்கட்டுக்குக் கத்துது, எங்களுக்குக் கத்த மாட்டேங்குது. மிஷினுக்குக் கூட மலைக்காரின்னா எளக்காரமா?

"சரி, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா எடம் இருக்கா? பிரஸ்காரன் ஒட்ட நறுக்கிட்டானா?... இருக்குதா. கீழ இருக்கற நம்பரப் படி... ம்... ம்... ம்... கடேசி நம்பரு?... சரிதான். மத்த நம்பரயெல்லாம் கூட்டிப் பெருக்கித்தான் அந்தக் கடேசி நம்பரு வரும்; அத நானே கையில கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் போட்டதோட ஒத்துப் பாத்தேன். மை ஊறிக் கோடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சா?... தனித்தனியா நிக்குதா? அப்பறம் என்ன எழவுதான் அதுக்கு?... நான் எங்கடி பாக்கறது? இங்க வந்த பாக்கெட் மூட்டையப் பிரிக்கவே விடலையே! சேர்வராயன் கோயில்ல வெச்சுப் பூசை போட்டுட்டுத்தான் பிரிப்பாங்களாம். செவ்வாக்கெழம வரைக்கும் மஞ்சத்துணியக் கட்டிக்கிட்டு, தலைவரு ஊட்ல சாமியாட்டம் குந்தியிருக்குது... கேட்டேன், கேட்டேன், சண்டையே போட்டேன். என்னய என்னமோ கோயில் உண்டியல ஒடைக்க வந்தவ மாதிரி பாத்தாங்க. பிரஸ்காரங்க நேரா உனக்கு அனுப்புனதத் தவிர வெளிச்சத்தப் பாத்த பாக்கெட்டே கெடையாது.

"...என்ன, பாக்க அழகா இருக்கா? இருக்கும், இருக்கும், யாரு வரைஞ்சது... இரு. என்ன சொன்ன? மறுபடி சொல்லு... செவப்பா?... எது செவப்பு? முன்னால இருக்கற காப்பிப் பழந்தான் செவப்பு... கோடா? கோடா செவப்பு?"

ரிசீவர் கண்ணாயியின் கையிலிருந்து நழுவிக் கயிற்றில் ஒரு ஊஞ்சல் ஆடிவிட்டு வந்தது. அச்சுக்குப் போகும் முன் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளில் கோடு கன்னங்கரேல் என்று இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"குங்குமச் செவப்பா?... அடி கூறுகெட்டவளே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!... நல்லாத்தான் இருக்கும், பொங்கப் பானைக்கு நொம்ப நல்லா இருக்கும்! அந்த மிஷினுக்குள்ள இருந்து வர்ற வெளிச்சம் என்ன நெறம்? உள்ளங்கைய நீட்டிப் பாரு... செவப்புதான? செவப்பு வெளிச்சத்துல செவப்புக் கோடு எங்க தெரியும்? திருவிழாவுல செவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுன மூக்குக்கண்ணாடி வாங்குவமில்ல, அதப் போட்டுக்கிட்டுப் பாத்தா செவப்பு மையில எழுதுனது காணாமப் போயிருமில்ல? அதேதான்! காலையில இருந்து நீ அதுக்கு வெறும் வெள்ளைத்தாளக் காட்டிக்கிட்டு நிக்கற! பாவம், அது என்னத்தப் படிக்கும்?... ஐயோ, எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வருது இன்பு... தெரியல, அழுக வந்து வழி மாறிப்போச்சோ என்னமோ. ஒரு நிமிசம் இரு. வெச்சுறாத. இங்க ஒரு பெரிய மனுசனப் பாக்கோணும்."

வாயை உள்ளங்கையால் பொத்தினாள். தன் வாயை அல்ல, போனின் வாயை. கண்ணாடிக் கதவை முழங்காலால் தள்ளினாள்.

"ஏனுங் மாமா, கோட்டச் செவப்புல போடச் சொல்லிப் பிரஸ்ஸுக்குப் போன் பண்ணுனது யாருங்க?"

வெங்கடாசலம் நெஞ்சை நிமிர்த்தி, ஒற்றை விரலால் தன்னையே தொட்டுக் காட்டினார். பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடப்பட்டவர் முகம். மெதுவான குரலில், பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கம் வேறு கொடுத்தார்.

"...என்னங்க? கருமாதிப் பத்திரிகை மாதிரி இருந்துச்சுங்களா?... மொத மொத மலைய விட்டு எறங்கற சரக்குல கருப்பாக் கோடு இழுத்தா வெளங்காதுங்களா?... கல்யாணப் பத்திரிகையாட்டம் மங்களகரமா... ஓகோ. என்னய ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலைங்களா?... கேட்டாக் கத்துவேன்னுங்களா? இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருக்கறேன்? அந்த மிஷினுக்குச் செவப்பு தெரியாதுங்க மாமா! நீங்க பொட்டு வெச்சு அனுப்புனீங்க, அதுக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு!... இல்லைங்க, இன்னொருக்காப் பூசை போட்டாலும் தெரியாது. கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, நான் யோசிக்கோணும்."

கதவு சாத்திக்கொண்டது. தலைவரின் நெஞ்சு மெல்ல மெல்ல உள்ளே போவதைக் கண்ணாயி கண்ணாடி வழியே பார்த்தாள். பாவமாகவும் இருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் போலவும் இருந்தது.

"இன்பு, இருக்கியா?... மேனேஜர் எங்க?... பாயசம் வரைக்கும் வந்துட்டாரா? சரி, வெரசாக் கேளு. கோடு கருப்பாவோணும், அவ்வளவுதான்... ஸ்கெட்ச் பேனாவா? வேண்டாம், உன்ற கை நடுங்கும். ஒரு கோடு தடிச்சாலும் நம்பரே மாறிப்போயி, நம்ம காப்பித்தூளுக்குக் கக்கூஸ் கழுவற மருந்துன்னு பில்லு வரும்... யோசிக்கறேன், யோசிக்கறேன், கம்முனு இரு...

"ஏய்! உன்ற மார்க் ஷீட்டு ஞாபகம் இருக்கா? பெயிலான பாடத்துக்குச் செவப்பு மையில வட்டம் போட்டிருந்தாங்கன்னு, ஜெராக்ஸ் எடுத்தா வட்டம் தெரியாதுன்னு நெனச்சு, எடுத்துக்கிட்டுப் போயி உங்கம்மா தெரசம்மாள்கிட்டக் குடுத்தியே? வட்டம் எப்படி வந்துச்சு?... கன்னங்கரேல்னு! ஊடே அதிர அடி வாங்குனியில்ல?... அதேதான்டி! ஜெராக்ஸ் மிஷினுக்குச் செவப்பும் கருப்பும் ஒண்ணுதான்! உங்க கடை வாசல்ல ஒண்ணு நிக்குதுன்னு சொன்னியே, ஓடு! பெருசாக்காம, சிறுசாக்காம, அதே அளவுல எடு. வெட்டும்போது ரெண்டு பக்கமும் வெள்ளைய விட்டு வெட்டு... போன அங்கயே வெச்சுட்டுப் போ. நான் புடிச்சுக்கிட்டே இருக்கறேன். ஓடு புள்ள!"

சென்னைக் கடையின் சத்தம் மட்டும் காதில் வந்தது. யாரோ ஒரு குழந்தை சாக்லேட்டுக்கு அழுதது. யாரோ செருமினார்கள். ஊட்டிக்காரனாக இருக்கும் என்று கண்ணாயி முடிவு செய்து, அந்தச் செருமலின் மேல் ஒரு முறை முறைத்தாள். மனுவேல் அண்ணன் எட்டிப் பார்த்து மீட்டரைக் காட்டினார்.

"ஓடட்டுங்கண்ணா, ஓடட்டும். இன்னிக்கு எல்லாமே ஓடுது... அலோ! இன்பு! மூச்சு வாங்காம சொல்லு... கருப்பா வந்துருச்சா? சொன்னனில்ல! ஒட்டு, ஒட்டு... பசை இல்லையா? உன்ற டிபன் பாக்ஸுல சோறு இல்ல? ரெண்டு பருக்கையத் தேச்சு ஒட்டு! கோட்டு மேல படாமத் தேய்... தட்டையா இருக்கா? காட்டு. போன மிஷின் கிட்ட வெச்சுக்கிட்டுக் காட்டு...

"...

"...கேட்டுச்சு! இன்பூ! கேட்டுருச்சுடி! பீப்புன்னு... என்னன்னு வந்துருக்கு ஸ்கிரீன்ல? படி, எழுத்துக் கூட்டிப் படி... சேர்வராயன் காப்பித்தூள்! ஐயோ, இன்னொருக்காப் படி... இன்னொருக்கா அடி, இன்னொருக்கா! பிஸ்கட்டுக்குக் கத்துனத விட இதுக்கு நல்லாக் கத்துது, கவனிச்சியா?... மாமா! மாமோவ்! உள்ள வாங்க! எடம் பத்துங்க, வயித்த எக்கிக்கிட்டு வாங்க... இந்தப் பக்கம் காதுல வைக்கோணும், அது பேசற பக்கம். இன்பு, தலைவரு கேக்கறாரு, ஒருக்கா அடி!"

வெங்கடாசலம் கேட்டார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிட்டது. போனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கதவைத் திறந்து, எதிர் டீக்கடையைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். சங்கத்து ஆட்கள் டம்ளரும் கையுமாக ஓடி வந்து, ஓட்டுப் போட நிற்பது போல வரிசை கட்டினார்கள்.

"இன்பு, சங்கத்து ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க, அடி... கேட்டுதுங்களா? தள்ளுங்க, அடுத்த ஆளு. அடி இன்பு... அடுத்த ஆளு... சித்தப்பாவுக்குக் காது மந்தம், ரெண்டு தடவ அடி... இன்னொருக்கா... ஏனுங், நீங்கதான் அப்பவே கேட்டீங்கல்ல, மறுபடி வரிசையில வந்து நிக்கறீங்க?... சரி அடி இன்பு, ஆசப்படறாங்க... மனுவேல் அண்ணனுக்கு ஒண்ணு... என்ன?... என்னடி சொல்ற?... அடிக்க அடிக்க பில்லுல ஏறிக்கிட்டே இருக்கா? அத்தனையுமா?... நீ சொல்லக் கூடாதா?... நீயும் சந்தோசத்துல அடிச்சியா?... யாரு? யாரு வந்துட்டாங்க?... ஐயோ. குடு. குடுங்கறேன்."

வரிசையை நோக்கி விரலை உதட்டில் வைத்தாள். எல்லோரும் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். டீக்கடை ரேடியோவைக் கூட யாரோ அணைத்தார்கள்.

"வணக்கங்க சார்... கண்ணாயிங்க, பாக்கெட் வரைஞ்சவ... ஆமாங்க சார், நாந்தான் அடிக்கச் சொன்னேன். அவளத் திட்டாதீங்க, என்னயத் திட்டுங்க... பில்லு தரை வரைக்கும் தொங்குதுங்களா?... ஜெராக்ஸ்தாங்க சார், பொய் சொல்ல மாட்டேன். அச்சுல செவப்பாப் போயிருச்சு, தப்பு எங்க பக்கந்தான். உங்களுக்கு வர்ற ஒவ்வொரு பாக்கெட்லயும் கருப்புக் கோட்டு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வரும். ஒட்டறவரு இங்கதான் நிக்கறாரு, சங்கத்துக்கே தலைவரு... ஆமாங்க, ஒருக்காக் கூடத் தப்பாப் படிக்கலைங்க. நீங்களே வேணாலும் அடிச்சுப் பாருங்க... அடிக்க வேண்டாமா, சரிங்க சார்.

"...என்னங்க சார்? ஸ்டாக்கு மைனஸ்லயா?... நாங்க இன்னும் அனுப்பவே இல்லாத சரக்க வித்ததா எழுதிக்கிச்சுங்களா?... அத அழிக்கோணுமா? எதுக்குங்க சார் அழிக்கறீங்க! உங்க கம்ப்யூட்டரே வித்தாச்சுன்னு சொல்லுது. நாங்க சரக்க அனுப்புனாக் கணக்குத் தன்னால நேராயிருமுங்களே!... ... அலோ?... சார், இருக்கீங்களா?... சிரிக்கறீங்களா சார், இல்ல திட்டறதுக்கு மூச்சுப் புடிக்கறீங்களா?... சிரிப்புதானுங்களா?... என்னைக்குங்க?... வியாழக்கெழமையா?... முன்னால இருக்கற ராக்குங்களா? கண்ணுக்கு நேராவா?... அடிவாரத்துல இருந்து லாரி நாங்களே புடிச்சு அனுப்பறமுங்க சார், வந்துருமுங்க... இல்லைங்க சார், வேற ஒண்ணுமே கேக்க வேண்டியதில்ல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க மனசு மாறறதுக்குள்ள போன வெச்சர்றேனுங்க!"

டொக்.