புத்தகம் புகுந்த வீடு போன கதை

மின்னூல்களின் மேன்மையைப் பேசச் சொல்லி மேடை தந்த வாசகர் வட்டத் தலைவர் வெங்கடப்பன் ஐயா அவர்களே! மூன்று மொழியில் பேசி ஒரே ஓசையில் கைதட்டும் பாகலூர்ப் பெரியோர்களே! இரவு ஷிப்ட் முடிந்தும் உறங்காமல் வந்திருக்கும் தாய்மார்களே! பத்தாம் வகுப்பு லாவண்யாவின் பணிவான வணக்கம்.

மின்னூல் மேன்மையானதுதான். கனமில்லை, கறையான் அரிக்காது. வாங்கியவரையே வாசலில் நிறுத்தும் வல்லமையும் அதற்கு உண்டு!

என் அக்கா வீரலட்சுமி ஆலைத் தொழிலாளி. லைன் லீடர் பதவி உயர்வுத் தேர்வு எழுத வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசி ஆண்டு. அதற்கான இயந்திரப் பராமரிப்பு நூல் மின்னூலாக மட்டுமே கிடைத்தது. விடுதி அறையில் அடுப்பு பொது, வாளி பொது. அந்த வழக்கப்படி நூலையும் பொதுவில் வாங்கினார்கள், அறைத்தோழி சுகுணாவின் கைப்பேசியில். சுகுணாவுக்குக் கல்யாணம் ஆனது. அடுப்பு அறையில் நின்றது, வாளி நின்றது. புத்தகம் மட்டும் சீதனமாகக் கெலவரப்பள்ளிக்குப் போய்விட்டது!

அந்த மின்னூல் கோப்பை அனுப்பச் சொன்னோம் சுகுணாவை. எனக்குப் பரிசாக வந்த வாசிப்புக் கருவி, இந்த வகைக் கோப்பை அறியேன் என்றது. வகையை மாற்றப் பார்த்தோம், அனுமதியில்லை என்றது. முதலில் அறியாமை, அப்புறம் அதிகாரம்!

பாஸ்வேர்டு போதுமே என்கிறார் அங்கே மணி அண்ணன். ஒரு கணக்குக்கு ஒரே கருவிதான் அண்ணா. அக்கா திறந்தால் சுகுணாவுக்கு மூடிக்கொள்ளும். அவளும் அதே தேர்வு எழுதுகிறவள்.

விற்றவர்களை அழைத்தோம். நீங்கள்தான் சுகுணாவா என்று கேட்டார்கள். அக்காவுக்குப் பொய் வராது. "இல்லீங்க, கூடப் பங்கு போட்டு வாங்கினவ" என்றாள். அப்படியானால் புத்தகம் உங்களுடையது அல்ல என்று, மிக மரியாதையாக, போனை வைத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஆலைக்கு வரும் சுகுணா, மறுநாள் கம்பெனிப் பேருந்தில் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாத வீரா. இது என்னை மட்டுந்தான உள்ள விடுது? நான் படிக்கறேன், நீ கேளு."

படித்தாள். தினமும் படித்தாள். பின்னிருக்கைக்காரர்கள் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார்.

எழுதியவருக்குக் கூலி வேண்டும், கொடுத்தோம். திருடனுக்குப் பூட்டு வேண்டும், போடுங்கள். வாங்கியவர் கையில் சாவி வேண்டாமா, பெரியோர்களே?

அக்கா தேறினாள். சுகுணா தேறினாள். புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பின்னிருக்கைப் பெண்கள் இருவரும் தேறினார்கள். ஒருத்தி படிக்கக் கூடாதென்று போட்ட பூட்டு, ஒரு பேருந்தையே படிக்க வைத்தது!

அந்தப் பூட்டைச் செய்தவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.