மாப்பிள்ளைக் கோட்டு போட்ட முகம்

என் பெயர் ஜெபதாஸ், த/பெ. ஞானமுத்து, வயது 44. படப்பை சர்ச் தெருவில் மனைவி அன்னபுஷ்பம், மகன் ஜெபர்சனுடன் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மகன் அங்கேயே டிரெய்னி.

சென்ற மாதம் கம்பெனி கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வைத்து, அவரவர் போட்டோவை மொபைலில் ஏற்றச் சொன்னார்கள். அன்று தலைக்கு டை அடிக்காமல் காதோரம் வெளுத்திருந்ததால், கல்யாணத்தன்று கோட்டு போட்டு எடுத்த போட்டோவை ஏற்றினேன். அதன் பிறகு மெஷின் என்னை ஒரு நாளும் அடையாளம் காணவில்லை. செக்யூரிட்டி கோதண்டம்தான் கையால் பதிந்து உள்ளே விடுவார். ஆனால் என் மகன் எதிரில் நின்றால் "வணக்கம் ஜெபதாஸ்" என்றது. அவன் அந்தக் காலத்து என்னை உரித்து வைத்தவன். அவன் வருகையெல்லாம் என் பெயரில் ஏற, அவனுக்கு ஆப்சென்ட் விழுந்தது. காரணம் தெரிந்தும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "மெஷினுக்குக் கிறுக்குடா" என்று சமாளித்தேன்.

அதன் பிறகு எச்.ஆர். சுபஸ்ரீ மேடம் என்னை அழைத்து, "உங்க பையன் வேலைக்கே வரலன்னு காட்டுது. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் மெஷின்ல இருக்கிற போட்டோவ தெறந்து பாத்துடலாம். தப்பு அவன் மேலன்னா அனுப்பிடுவோம்" என்றார். லைனில் என்னை அண்ணா என்று கூப்பிடும் பெண்கள் அந்தக் கோட்டைப் பார்த்தால் என் மானம் போய்விடும் என்று நடுங்கினேன்.

ஆகவே ஞாயிறு மதியம், வழக்கமாக நான் எடுத்துப் போட்டுக்கொள்ளும் மகனுடைய சிவப்பு டி-ஷர்ட்டில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் போய், ஸ்பேனரால் மெஷினை உடைத்தேன். டீ வாங்கிக்கொண்டு வந்த கோதண்டம் பின்னாலிருந்து, "டேய் ஜெபர்சா, இன்னாடா பண்ற?" என்று கத்தினார். பயத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்த வேகத்தில் கொஞ்சம் துள்ளியே ஓடினேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

அதன் பிறகு போலீசார் வீட்டுக்கு வந்து மகனை அழைத்துப் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை. துவைக்க எடுத்த டி-ஷர்ட் அக்குளில் கிழிந்திருப்பதைப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இது அவன் போட்டா கிழியாதே, யாரு போட்டுகினு போனது?" என்று கேட்டாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னையும் டி-ஷர்ட்டோடு இந்தக் காவல் நிலையத்துக்கு இழுத்து வந்தாள்.

இங்கே நான் உண்மையைச் சொல்லியும், கோதண்டம், "இல்ல சார், ஓடுனது சின்னப் பையன்" என்றார். மறுபடியும் சந்தோஷம் வந்தது. பெஞ்சில் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்ததும் அது போய்விட்டது. அந்தப் போட்டோ கம்பெனி கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்பது ஆய்வாளர் சொல்லித்தான் தெரியும்.

என் வயது எழுதப்பட்டபோது மனைவி, "எனக்கே அம்பத்தி நாலு சார், இவருக்கு எப்டி நாப்பத்தி நாலு?" என்றாள். ஆகவே முதல் வரியில் உள்ள வயதை அடித்து 57 என்று திருத்த வேண்டுகிறேன். மெஷினை உடைத்தது நான்தான், மகன் நிரபராதி. மற்றபடி சொன்னது அனைத்தும் உண்மை. பையில் ஒளித்து வைத்திருந்த படிக்கும் கண்ணாடியை மகன் எதிரிலேயே போட்டுக்கொண்டு, நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஞா. ஜெபதாஸ், வயது 57.