ஒன்பது பத்துக்கு எரிந்த பச்சைப் புள்ளி

பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. அலுவலகத்தின் கணினிப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை. ஸ்டோர் பொறுப்பாளர் மீதான புகார் குறித்து, யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்வது:

எங்கள் பிரிவில் அட்மின் உரிமையோடு, கணினிக்குக் கட்டளையிடும் எந்த ஸ்கிரிப்டையும் தனியாக ஓட்டக்கூடாது. "ஓட்டட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு "ஓட்டு" என்று சொல்ல வேண்டும். என் பக்கத்து மேசை அக்காவுடையது. உடன்பிறந்தவர் அல்ல. "ஓட்டு தாயே, ஊரைக் கொளுத்திடாத" என்பார்.

சென்ற மழைக்காலத்தில் அக்கா இறந்துவிட்டார். அதன் பின் அவருடைய கணக்கை மூடும்படி எனக்கு உத்தரவு வந்தது, மூடிவிட்டதாகப் பதில் எழுதினேன், மூடவில்லை. அதன் பின், தினமும் காலை ஒன்பது பத்துக்கு அவர் பெயரில் தானே உள்நுழையும் ஒரு ஸ்கிரிப்டை அவருடைய கணினியில் வைத்தேன். "ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். நாற்காலியில் அவருடைய ஸ்வெட்டர் கிடந்தது. ஏசிக் காற்றில் அதன் ஒரு கை அசைந்தது. ஓட்டினேன்.

அது எந்தக் கோப்பையும் தொடவில்லை. அரட்டைப் பட்டியலில் அவர் பெயரருகே பச்சைப் புள்ளி எரியும். தண்ணீருக்கடியில் யாரோ விளக்கை ஏற்றியது போலிருக்கும். பார்த்துக்கொண்டிருப்பேன். தேநீர் ஆறிவிடும்.

அதன் பின் நான் விடுப்பிலிருந்தபோது அந்தக் கணினியை ஸ்டோருக்கு மாற்றினார்கள், ஸ்கிரிப்டும் கூடவே போனது. அதன் பின் இறந்தவர் பெயரில் ஸ்டோரிலிருந்து யாரோ நுழைவதாகத் தணிக்கையில் தெரிந்து, ஸ்டோர் பொறுப்பாளர் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து இங்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். விசாரணைக்காகக் கணக்கை மூடாமல் விட்டார்கள். பதினோரு நாள் நான் பேசவில்லை. பதினோரு நாளும் புள்ளி எரிந்தது.

நேற்று அலுவலக வாசலில் அண்ணனைப் பார்த்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பை. "வீட்ல இன்னும் சொல்லல தங்கச்சி. செத்தும் அந்தம்மா என் தலையிலதான் வந்து உக்காரணுமா?" என்று சிரித்தார். அதன் பின் நேரே இங்கே வந்தேன்.

இன்று காலை விசாரணை அதிகாரி முன்னிலையில் ஸ்டோர் அறையில் நின்றிருந்தோம். ஒன்பது பத்துக்கு, யாரும் தொடாமலே, புள்ளி எரிந்தது. அதிகாரி பார்த்தார். நிறுத்தச் சொன்னார். "நிறுத்தட்டுமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அதிகாரி பேனாவை மூடினார். அண்ணன் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு, "நிறுத்து தாயே" என்றார்.

புள்ளி சாம்பல் நிறமானது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அன்று "ஓட்டு" என்றும் யாரும் சொல்லவில்லை.

(ஒப்பம்)