எண்ணெய்க் கையோடு ஒரு முத்தம்

— கதவைத் தட்டிட்டு வரக் கூடாதா?

— நாலு தடவை தட்டிட்டேன் அத்தை. தலகாணிக்கு அடியில என்னத்த ஒளிச்சீங்க?

— மாத்திரைச் சீட்டு.

— இவ்ளோ தடிமனாவா? எடுங்க பாப்போம்... ஐயையோ, இந்த நாவலா? அதுவும் இந்த அட்டைப் படத்தோடயா...

— அட்டையை விடு. உள்ள ஒரு ஊரையே கட்டி வெச்சிருக்கா மகராசி. நிலாவுல ஊர். காத்துக்கு ரேஷன். ஆளாளுக்குக் கழுத்துல ஒரு மீட்டர். அடுத்தவங்க மூச்சுக் காத்தைத் தொட்டாலே குத்தம்.

— அப்ப முத்தம்...

— அங்கதான் விஷயமே இருக்கு. முத்தம் குடுத்தா மீட்டர் காட்டிக் குடுத்துடும். மீட்டர் ஓடாத ஒரே இடம் ஆக்சிஜன் ரூம். அங்க அவளும் அவனும்...

— ஒன்பதாம் அத்தியாயம்.

— ஒன்பதுன்னு நான் சொல்லவே இல்லையே?

— சும்மா... குத்துமதிப்பா. பிடிச்சிருந்துதா?

— மூணு தடவை படிச்சேன். மொதத் தடவை ஃபேனைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்.

— அத்தை...

— என்ன அத்தை நொத்தை? உன் மாமனார் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. ஞாபகமுமா அவர் கூடப் போயிடும்?

— இல்ல... அசிங்கமா எழுதியிருக்கான்னு தோணலையா உங்களுக்கு?

— அசிங்கம் இல்ல. ஆனா பெரிய தப்பு ஒண்ணு இருக்கு.

— என்னது?

— அவன் அவ தோள்ல எண்ணெய் தேய்ச்சு விடறான். எங்க? ஆக்சிஜன் ரூம்ல. அதே கையால வால்வைத் திருகறான். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் ரூம்ல இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினவ சொல்றேன், எண்ணெய்க் கை அதுல பட்டா குப்புனு தீப் பிடிச்சுக்கும். அப்புறம் முத்தம் குடுக்க வாய் எங்க மிஞ்சும்?

— ஐயோ, அதை நான்... அதை நான் அவகிட்ட சொல்லிடறேன்.

— எவகிட்ட?

— எழுதினவகிட்ட. எங்க பல் ஆஸ்பத்திரியில என் கூட வேலை பாக்கற பொண்ணுதான். புனைபேர்ல எழுதறா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— ஓஹோ.

— ரெண்டாம் பாகம் அச்சுக்குப் போகுது. இந்தத் தடவை சொந்தப் பேரு, போட்டோ எல்லாம் போடணுமாம். சம்மதமா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். பாவம், ரெண்டு நாளா சோறே இறங்கலை அவளுக்கு.

— ஏன், புருஷன் கத்துவானா?

— அவருக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மாமியாரை நினைச்சாதான்...

— அவ்ளோ பொல்லாதவளா அந்த மாமியார்?

— சேச்சே, நல்லவங்கதான். அதனாலதான் பயம். இவ்ளோதானா நீன்னு ஒரு பார்வை பாத்துட்டா தாங்க மாட்டா.

— பயந்தாங்கொள்ளி ரெண்டாம் பாகத்தை எப்படி எழுதி முடிச்சா?

— ஒரு வாசகி வாராவாரம் மெயில் போடுவாங்களாம். நிறுத்தாதே, நிறுத்தாதேன்னு. முகம் தெரியாத ஆள். அவங்க தைரியத்துலதான்.

— ம்... இங்க வா, உக்காரு. கதையில அவ ஆக்சிஜன் குழாயில கசிவு இருக்கான்னு எப்படிப் பாக்கறா?

— கன்னத்தைக் கிட்ட வெச்சு...

— ஊருல எல்லாரும் சோப்பு நுரைதான் வெப்பாங்க. கன்னத்தை வெச்சுப் பாத்தவ எங்க ஆஸ்பத்திரியிலயே நான் ஒருத்திதான். அதை நான் சொன்னது ஒரே ஒருத்திகிட்ட.

— அத்தை... நான்...

— போய்ப் பேரைப் போடச் சொல்லு. போட்டோவுக்கு அந்த நீலப் புடவையைக் கட்டு, எடுப்பா இருக்கும். அப்புறம்... வாராவாரம் மெயில் போடற அந்த வாசகிக்கு இனிமே ‘அன்புச் சகோதரி’ன்னு பதில் எழுதாதே. மாமியாருக்குன்னு ஒரு மரியாதை இல்ல?